அரிசி வரிசையில் ஆள் எடுப்பவள்

இந்தியன் கடையில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் வரிசைக்கு வந்துவிட்டால் தாமரைச்செல்வி அரிசியைப் பார்ப்பதில்லை. தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு, பொன்னியா சோனா மசூரியா என்று யோசிக்கிற பாவனையில், மூட்டை தூக்க வரும் பெண்களைப் பார்க்கிறாள். முகத்தை அல்ல, முழங்காலையும் கணுக்காலையும். இடுப்பை வளைத்து முனகிக்கொண்டே தூக்குகிறவர்கள் அவள் கணக்கில் வருவதில்லை. கணவனைக் கூப்பிடுகிறவர்கள் சுத்தமாக வருவதில்லை. கால்களை அகட்டி, குந்தி, மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்து, மூச்சு வாங்காமல் வண்டியில் போடுகிற ஒருத்தி என்றைக்காவது அகப்படுவாள். அன்றைக்குத் தாமரை அரிசி வாங்க மறந்துபோவாள்.

"ஏனுங், பாத்தீங்களா, தொடையில தூக்குறா. மூலையில நின்னு காலைப் பிடிக்க நல்ல கார்னர் ஆவா" என்று பக்கத்தில் நிற்கும் கணவர் ரஞ்சித்குமாரிடம் சொல்வாள். அடுத்தவர் மனைவியின் தொடையைப் பற்றிக் கடைக்குள் இவ்வளவு சத்தமாகப் பேச வேண்டாம் என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்வார். அதற்குள் இவள் போய்ப் பேச்சுக் கொடுத்திருப்பாள். எந்த ஊருங்க, எங்க வேலைங்க என்று இரண்டு கேள்வி. மூன்றாவது கேள்வி, "கபடி ஆடுவீங்களா?" பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு, செய்தி வந்தால் பதில் போடமாட்டார்கள்.

தாமரைச்செல்விக்கு வயது நாற்பத்தொன்று. டெக்ஸாஸில் ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் வீடு. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் மென்பொருள் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. பிறந்தது கோபிப் பக்கம், படித்தது ஈரோட்டில், அங்கே கல்லூரி அணிக்குப் பாடிப் போகிறவள் அவள்தான். அமெரிக்கா வந்து பல வருடம் கபடி என்ற சொல்லே வாயில் வராமல் இருந்திருக்கிறாள். இன்றைக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை என்பது ரஞ்சித்குமாரின் புகார். ஃப்ரீவேயில் ஓர் எக்சிட்டில் ஆரம்பித்து அடுத்த எக்சிட் வரை ஒரே மூச்சில் "கபடி கபடி" பாடிக்கொண்டு கார் ஓட்டுவாள். டிராஃபிக் நின்றுவிட்டால் முகம் சிவந்துபோகும், ஆனாலும் மூச்சை விடமாட்டாள். பக்கத்துக் காரில் இருப்பவர்கள், பாவம், ஏதோ ஆபீஸ் காலில் யாரிடமோ சண்டை போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடமாக அவள் ஆடியது டாலஸ் அணிக்கு. அந்த அணியை நடத்துகிறவர் வசந்தாமணி அக்கா. பொள்ளாச்சிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. டெக்ஸாஸ் ஊர்களின் பெண்கள் அணிகளைக் கூட்டிப் பொங்கலுக்குப் பொங்கல் போட்டி நடத்துவதும் அவரே. இந்தியாவிலிருந்து கப்பலில் ஒரு மேட் வரவழைத்து வைத்திருக்கிறார். பல்லுப் பல்லாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் பலகைகள், ஒரு பாதி நீலம், மறுபாதி ஆரஞ்சு. மேட் கராஜுக்குள் இருக்கும். கார் வெளியே நிற்கும். ஒரு வசந்த காலத்து ஆலங்கட்டி மழையில் காரின் கூரை பணியாரக் குழியாகிவிட்டது. வசந்தாமணி கராஜுக்குள் போய் மேட் நனையவில்லை என்று பார்த்துவிட்டு வந்து தூங்கினார். ஒரு பலகையைக்கூட யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார்.

போன வருடம் கடைசிப் போட்டியில் கடைசியாகப் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தவள் தாமரைதான். கோப்பையை ஜெயித்த அணி என்று மைக்கில் "டாலஸ், டாலஸ்" என்று கூப்பிட்டார்கள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கை தட்டினாள். திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்தில் இருக்கும் வேக்கோ ஊரைத் தாண்டினார்கள். அப்புறம் திடீரென்று, "ஏனுங், வரி கட்டறது இந்த ஊருக்கு, முட்டி தேயறது அந்த ஊருக்குங்களா?" என்றாள். ரஞ்சித்குமார் ரேடியோவை நிறுத்தினார். அப்போது ஆரம்பித்தது.

ஆஸ்டினுக்குத் தனியாக ஒரு கபடி கிளப் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ச் சங்கத்தில் சிவராமகிருஷ்ணன் அங்கிள், "கிரிக்கெட் இருக்கு, த்ரோபால் இருக்கு, கேரம் இருக்கு. யாராவது கீழ விழாத கேமா சொல்லும்மா" என்றார். ரஞ்சித்குமாரின் காரணம் வேறு. "இவ்ளோ பெரிய ஊர்ல ஒருத்தராவது கபடி இல்லையேன்னு கேட்டிருக்காங்களா? நீ ஒருத்திதான் கேக்கற. ஒருத்திக்கு எதுக்குக் கிளப்பு?"

"இருந்தாத்தானுங்க கேப்பாங்க."

"சரி. ஆனா நாம இருக்கறது ஆஸ்டினே இல்ல. ரவுண்ட் ராக்."

"பேரு மைக்ல கேக்கறாப்ல இருக்கோணுமுங்க. ரவுண்ட் ராக்குன்னா ஏதோ லாரி கம்பெனின்னு நெனைச்சுக்குவாங்க."

வசந்தாமணி சொன்ன காரணம்தான் அவளை வருத்தியது. ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. "இங்க பாரு கண்ணு, நீ போனா எனக்கு ஒரு நல்ல ஆளு போயிருவா. அங்க போயி நீ ஏழு பேரைச் சேக்கறதுக்குள்ள உன்ற முட்டி போயிரும். ரெண்டு ஊரும் நொண்டியாப் போறதுக்கு, ஒரு ஊராவது நேரா நடக்கட்டுமே." போனில் இதைக் கேட்டபோது தாமரை மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தாமல், "இருக்கட்டுங்க்கா, ஒரு தடவ பாத்தர்றனுங்க்கா" என்று மட்டும் சொன்னாள். பயமாகத்தான் இருந்தது. டாலஸ் கதவையும் மூடிக்கொண்டு ஆஸ்டினும் அமையாமல் போனால், அவளுக்கு இனிக் கபடி என்பது காரில் பாடுவதோடு சரி.

கடைசியில் வசந்தாமணி ஒரு வழி விட்டார். பொங்கல் போட்டியில் ஓர் அணிக்கு இடம் இருந்தது. ஆஸ்டின் என்ற பெயரிலேயே வரலாம். அணிக்கு இரண்டு ஆட்டம். அதில் ஒன்றையாவது ஜெயித்தால் அந்த இடம் ஆஸ்டினுக்கு நிரந்தரம். ஜெயிக்காவிட்டால், இடத்துக்காகக் காத்திருக்கும் சான் அன்டோனியோ பெண்களுக்கு அது போகும். தாமரை பழையபடி டாலஸுக்கு ஆட வேண்டும். பேருக்கு ஓர் அணி வைத்துக்கொள்ள யாரையும் விடுவதில்லை என்பது வசந்தாமணி எல்லா ஊருக்கும் போட்டிருந்த விதி.

அரிசி வரிசை அவளுக்கு ஆறு பேரைக் கொடுத்தது. ஒரு டேகேர் டீச்சர், ஒரு பார்மசிஸ்ட், கம்ப்யூட்டர் ஆட்கள் மூன்று பேர், அப்புறம் ஸ்வர்ணா. ஏழாவது இவளே. சனிக்கிழமை காலைகளில் பூங்காவின் ஒரு மூலையில் பயிற்சி. பூங்காப் புல்லில் கோடு போடக் கூடாது என்பதால் ரஞ்சித்குமாரின் பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, கூடார ஆணி அடித்து எல்லை கட்டினாள். நடுக்கோட்டுக்குக் கரை வைத்த பகுதி. நெருப்பெறும்புப் புற்று இருந்த இடத்தைச் சுற்றி எல்லை கொஞ்சம் வளைந்து போகும். பக்கத்துத் திடலில் ரக்பி ஆடுகிற கூட்டத்திலிருந்து ஒரு பெரிய உருவம் ஒருநாள் வந்து நின்று, பந்து எங்கே என்று கேட்டது. பந்து கிடையாது, நாங்கள்தான் பந்து என்றாள் தாமரை. அவன் யோசித்துப் பார்த்து அது சரி என்று ஒப்புக்கொண்டான். அந்தக் கூட்டம் ஆடுவது பதினைந்து பேர் ரக்பி, அவனுடையது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியாம். அதற்கு இந்த ஊரில் கிளப் இல்லையாம், ஹூஸ்டனுக்குப் போய்த்தான் ஆடுகிறானாம். தாமரை அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

ஸ்வர்ணா சென்னையில் வளர்ந்தவள், கணக்கு ஆடிட்டர், முப்பத்திரண்டு வயது. மூட்டையை அவள் தூக்கிய அழகைப் பார்த்துத்தான் தாமரை அன்றைக்கு அரிசி மறந்தாள். ஆனால் அவளிடம் ஒரு கோளாறு இருந்தது. பாடி வருகிறவளின் கணுக்காலைக் கச்சிதமாகப் பிடிப்பாள். பிடித்ததும் "சாரி" என்பாள். சாரி சொன்னதும் கை தானாகத் தளர்ந்துவிடும். இந்த நாட்டில் கடையில், லிஃப்டில், யார் மீதும் படாமலே எத்தனை சாரி சொல்லியிருப்பாள். பட்டபோது சொல்லாமல் இருக்க முடியுமா?

"சாரின்னு சொல்லிப்போட்டு விட்டர்ற. அவ பாயிண்ட்டோட வூட்டுக்குப் போயிர்றா" என்பாள் தாமரை.

"என்னக்கா பண்றது, வாயில வந்துடுது."

"வந்தா வரட்டும் கண்ணு. விசில் அடிச்சப்புறம் சொல்லு. காலை விடாம சொல்லு."

இன்னொரு சட்டமும் தாமரையிடம் உண்டு. பாடி வருகிறவள் உன்னைத் தொட்டுவிட்டால், நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நீயே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். நகம் பட்டாலும் சரி, சட்டை நுனி பட்டாலும் சரி. கோபிப் பக்கத்தில் அப்படித்தான் ஆடுவார்கள். கையைத் தூக்காதவளை அடுத்த ஊர் ஆட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். "அப்போ அம்பயர் எதுக்குக்கா?" என்று ஸ்வர்ணா கேட்டாள். "ஸ்கோர் எழுத ஒருத்தர் வேணும்ல" என்றாள் தாமரை. பயிற்சியில் கையைத் தூக்கத் தாமதித்தவர்கள் எறும்புப் புற்றுப் பக்கம் நின்று ஆட வேண்டும். அதற்கப்புறம் யாரும் தாமதிப்பதில்லை.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மூன்று வண்டிகளில் டாலஸ் போனார்கள். வழியில் ஜாம் வைத்த கொலாச்சி பன் சாப்பிடக் கூடாது, வயிறு கனக்கும் என்று தாமரை சொல்லியிருந்தாள். பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தன. பள்ளிக்கூட ஜிம்மில் நீலமும் ஆரஞ்சுமாக மேட் விரித்திருந்தது. ஒலிபெருக்கியில் "ஆஸ்டின் அணி மேட்டுக்கு வரவும்" என்று கூப்பிட்டபோது ஆறு பேரும் ஓடினார்கள். தாமரை ஓடவில்லை. முழங்கால் பட்டையை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். கூப்பிட்டார்கள். அப்புறம் போனாள்.

முதல் ஆட்டத்தில் ஹூஸ்டன் அவர்களைத் துவைத்துக் காயப்போட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரஞ்சித்குமார்கூட "நல்லா வேர்த்துச்சு உங்களுக்கு" என்பதற்குமேல் ஆறுதல் தேடிக் களைத்துப்போனார். இரண்டாவது ஆட்டம் டாலஸோடு. நேற்றுவரை தாமரையோடு ஆடிய பெண்கள். அவள் எந்தக் காலை முன்னால் வைப்பாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் புள்ளி ஏறிக்கொண்டே வந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் சமநிலை. டாலஸின் உயரமான பெண் ஒருத்தி பாடி வந்தாள். மூலையில் நின்ற ஸ்வர்ணா விழுந்து கணுக்காலைப் பிடித்தாள். வாய் திறந்தது. ஆனால் ஸ்வர்ணாவின் கை விடவில்லை. ஆறு பேரும் மேலே போய் விழுந்து, விசில் அடித்து, எல்லோரும் எழுந்தபிறகு, கடைசியாக மேட்டிலிருந்து "சாரி" என்று ஒரு குரல் வந்தது. ஆஸ்டின் ஒரு புள்ளி முன்னால்.

அடுத்துத் தாமரை பாடிப் போய், யாரையும் தொடாமல், பிடிபடாமல், நேரத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பினாள். இனி டாலஸுக்கு ஒரே ஒரு முறை. தீக்ஷா என்ற பெண் வந்தாள், அணியிலேயே இளையவள், கால் தரையில் பாவாத வேகம். பாய்ந்தாள், சுழன்றாள், கையை வீசினாள், ஒன்றும் சிக்காமல் மூச்சு தீர்ந்து நடுக்கோட்டுக்குப் பின்வாங்கினாள். வெறுங்கையோடு போகிறாள் என்று அவளே நினைத்தாள், முகத்தில் தெரிந்தது. நடுவர் இரண்டு கைகளையும் விரித்து, புள்ளி இல்லை என்று காட்டினார். ஆஸ்டின் பக்கம் பெஞ்சிலிருந்து ரஞ்சித்குமார் எழுந்தே விட்டார்.

தாமரையின் வலது கை மேலே இருந்தது.

பின்வாங்கும்போது தீக்ஷாவின் விரல் இவளுடைய கெண்டைக்காலில் பட்டிருந்தது. பட்டது தீக்ஷாவுக்கே தெரியாது. நடுவர் தாமரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பலகையில் டாலஸுக்கு ஒன்று சேர்க்கச் சொன்னார். நீண்ட விசில். ஆட்டம் சமம். சமம் என்றால் ஜெயிக்கவில்லை என்று அர்த்தம்.

"யாருமே பாக்கல அக்கா" என்றாள் ஸ்வர்ணா. ஆறு பேரும் சுற்றி நின்றார்கள், ஒருத்தியும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தெரியும் கண்ணு. கை தானாப் போயிருச்சு. நெனச்சிருந்தா தூக்கியிருக்க மாட்டேன்."

அது பொய்யில்லை. உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாமரை அழுதாள். தனக்காகக் கொஞ்சம், அந்த ஆறு பேருக்காக நிறைய. அவர்களில் நாலு பேர் அவளுக்காகத்தான் வந்தார்கள், கபடிக்காக அல்ல. இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கபடிக்காக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து இந்தப் பாழாய்ப்போன கை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஜிம் காலியாகிக்கொண்டிருந்தது. வசந்தாமணி மண்டியிட்டு மேட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பிரித்தால் பல் உடைந்துவிடும் என்று அவர் யாரையும் விடுவதில்லை. தாமரை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பலகையைக் கழற்றினாள். அவர் அடுத்த பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த இடம் சான் அன்டோனியோக்குப் போவுது கண்ணு. விதிய நானே மாத்துனா நல்லாருக்காது" என்றார்.

"மாத்தாதீங்க்கா."

ஆரஞ்சுப் பாதி ஒருபக்கம் அடுக்காகியது. நீலப் பாதி இன்னொரு பக்கம். வசந்தாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எங்க வூட்டுக்காரரு காரைக் கராஜுக்குள்ள வுடோணும்னு ஒரே சண்ட. அந்த நீலத்தை நீ எடுத்துட்டுப் போ. உன்ற வண்டிதான் பெருசாச்சே."

தாமரைக்கு முதலில் விளங்கவில்லை. "பாதிய நான் கொண்டுட்டுப் போயிட்டா அடுத்த பொங்கலுக்கு என்ன பண்ணுவீங்க?"

"நீ கொண்டாந்து விரிக்கோணும். வேற என்ன பண்றது. உன்ற பாதி வந்தாத்தான் எனக்கு ஆட்டம்." குனிந்து, நடுக்கோடு வரைந்த ஒடுங்கலான பட்டைகளைத் தனியாகச் சேர்த்துக் கட்டினார். அவை எந்தப் பாதிக்கும் சேராதவை. ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தார். "கோடு இல்லாம எங்கிருந்து பாடிப் போவீங்க. இதையும் வெச்சுக்க. நான் டேப்பு ஒட்டிக்கறேன்."

வண்டியின் பின்னிருக்கைகளை மடக்கி, ஏழு பேருமாக நீலப் பலகைகளை ஏற்றினார்கள். ஸ்வர்ணா மூன்று மூன்றாகத் தூக்கினாள், தொடையில். கூரைவரை நிறைந்துவிட்டது. நடுக்கோட்டுக் கட்டுக்கு மட்டும் இடமில்லை.

"முன்னாடி வைய்யி" என்றார் ரஞ்சித்குமார். வைத்தபிறகுதான் யோசித்தார். "நான் எங்க உக்கார்றது?"

"ஸ்வர்ணா வண்டியில வாங்க. கொலாச்சி வாங்கித் தருவாங்க."

தாமரை வண்டியைக் கிளப்பினாள். பக்கத்து இருக்கையில் கனம் இருக்கிறது, பெல்ட் இல்லை என்று வண்டி கிணுகிணுக்க ஆரம்பித்தது. அந்தப் பட்டைகளை எடுத்துத் தரையில் சாய்த்திருக்கலாம். அவள் எட்டி, பெல்ட்டை இழுத்து, அந்தக் கட்டின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். குழந்தைக்கு மாட்டிவிட்டுப் பார்ப்பதுபோல ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் ஊரைப் பார்த்து ஓட்டினாள்.